‘பையனை நீங்கதான் திருத்தணும் மேடம்!’ - ஆன்லைன் கவுன்சலிங்கில் ஓர் அம்மா கற்றுக்கொண்டது என்ன?

இரவு ஒன்பதே முக்கால். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மொட்டை மாடி. காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி நிற்கிறார் அந்த அம்மா. காதில் ஹெட்போன். கீழே ஹாலில் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கணவர் இன்னும் கடையைச் சாத்திவிட்டு வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அறைக்குள் இருக்கிறான்.

“பையன் முன்ன மாதிரி இல்லீங்க மேடம். சாப்பிடக்கூட வெளிய வர்றதில்லை. எந்நேரமும் போனுதான். மார்க் பாதியாக் குறைஞ்சுபோச்சு. கேட்டா எரிஞ்சு விழறான். அவங்கப்பா போன வாரம் கை நீட்டிட்டாரு. அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை. நீங்கதான் எப்படியாச்சும் அவனைத் திருத்தணும்ங்க…”

செல்போன் திரையில் இருந்த மனநல ஆலோசகர், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டு முடித்தார். பிறகு கேட்டார்:

“பையனைப் பத்திச் சொன்னீங்க. நீங்க எப்படிங்கம்மா இருக்கீங்க? நல்லாத் தூங்கறீங்களா?”

அதற்கு என்ன பதில் சொல்வதென்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

இது ஏதோ ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை இல்லை. குழந்தை வளர்ப்பு, கணவன்-மனைவி பிரச்னை, மாமியார்-மருமகள் மனஸ்தாபம் என்று ஆன்லைன் கவுன்சலிங்குக்கு வருகிற பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சேர்த்துச் சொன்ன கதை. உங்கள் வீடும் இதில் தெரிந்தால் ஆச்சர்யமில்லை!

போனில் பேசினால் மனசு சரியாகுமா?

‘டாக்டர் நாடி பிடிச்சுப் பார்த்தாலே சில சமயம் கண்டுபிடிக்க முடியறதில்லை… போன்ல பேசி என்ன ஆகப்போகுது?’ என்பதுதான் பலருடைய முதல் சந்தேகம்.

ஆனால், முகம் தெரியாத ஒருவரிடம் மனசைக் கொட்டுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாத பிரச்னைகளை, பெயர் ஊர் சொல்லாமல் வார இதழ்களின் கேள்வி-பதில் பகுதிகளுக்கு இன்லேண்டு லெட்டரில் எழுதி அனுப்பியவர்கள் நம் அம்மாக்களும் பாட்டிகளும்தான். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். வந்த பதிலுக்கு மறுகேள்வி கேட்க வழி இருக்காது. இப்போது அந்தக் கடிதத்தின் இடத்தில் வீடியோ கால் வந்திருக்கிறது, மறுகேள்வியும் கேட்கலாம்.

லேசானது முதல் மிதமானது வரையிலான மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு, ஆலோசகரின் வழிகாட்டுதலோடு இணையம் வழியாகத் தரப்படும் ‘சிந்தனை-நடத்தை சிகிச்சை’, நேரில் தரப்படும் சிகிச்சைக்கு நிகரான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மனதில் ஓடும் எண்ணம், அதனால் வரும் உணர்வு, அதனால் நாம் செய்கிற செயல் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் அந்தச் சிகிச்சையின் அடிப்படை.

நம் நாட்டில் இதற்கான தேவையும் பெரியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கும், 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 சதவிகிதம் பேருக்கும் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது அதே ஆய்வு. மனநல மருத்துவர்கள் பெரிய நகரங்களில்தான் அதிகம். கோபியில் இருப்பவர் ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும் என்றால் ஒரு நாள் வேலை போகும். தெரிந்தவர் யாராவது பஸ் ஸ்டாண்டில் பார்த்து, ‘எங்க போறீங்க?’ என்று கேட்டுவிட்டால் அதற்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 25… கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான், மருத்துவர்கள் தொலைபேசி, வீடியோ வழியாகச் சிகிச்சை தருவதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. கட்டாயத்தால் தொடங்கிய பழக்கம், வசதி என்று புரிந்ததும் நிலைத்துவிட்டது.

திருத்த வேண்டியது யாரை?

மொட்டை மாடிக்குத் திரும்புவோம்.

முதல் அமர்வின் 50 நிமிடங்களில் மகனைப் பற்றிப் பேசியது பாதி நேரம்தான். மீதி நேரம் அந்த அம்மா தன்னைப் பற்றிப் பேசினார். தனியார் பள்ளியில் வேலை, வீட்டுக்கு வந்தால் சமையல், மாமியாரின் முழங்கால் வலி, கடை வியாபாரம் சரியில்லாததால் கணவரின் எரிச்சல்… எல்லாவற்றுக்கும் நடுவே, ‘புள்ளையைக் கவனிக்காம விட்டுட்டே’ என்று எல்லோரும் தன்னையே சொல்கிறார்கள் என்றபோது குரல் உடைந்தது.

பெரும்பாலான பெற்றோர், பிள்ளையைப் பழுதான மிக்ஸியைப்போல ஆலோசகரிடம் ஒப்படைத்துவிட்டு, சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வருகிறார்கள். ஆனால், வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் பேசுகிற ஆலோசகரால் ஆவதைவிட, மீதி நேரமெல்லாம் கூடவே இருக்கிற வீட்டால் ஆவது அதிகம். அதனால்தான் குழந்தைகள், வளரிளம் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரோடு தனியாக ஓரிரு அமர்வுகள் பேசிவிட்டுப் பிறகு பிள்ளையிடம் பேசும் வழக்கம் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு முதல் வாரம் தரப்பட்ட ‘வீட்டுப்பாடம்’ மூன்றே மூன்று.

ஒன்று: தினமும் 10 நிமிடம் மகனோடு இருக்க வேண்டும். அந்த 10 நிமிடத்தில் படிப்பு, போன், மார்க் என்ற மூன்று வார்த்தைகளும் வரக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டு: குறை சொல்வதாக இருந்தால், செய்த செயலை மட்டும் சொல்ல வேண்டும். ‘நீ சோம்பேறி, உருப்பட மாட்டே’ என்பது ஆளைச் சொல்வது. ‘சாப்பிட்ட தட்டு டேபிள்லயே இருக்கு, எடுத்து வை கண்ணு’ என்பது செயலைச் சொல்வது. முதலாவதைக் கேட்ட பிள்ளைக்கு மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டாவதைக் கேட்டால், எழுந்து தட்டை எடுக்க முடியும்.

மூன்று: நல்லது செய்தால், ‘குட்’ என்று பொதுவாகச் சொல்லாமல் எது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ‘அப்பத்தாவுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டியே, அவங்க நல்லாத் தூங்கினாங்க’ என்பதுபோல.

‘இவ்வளவுதானா… இதுக்கா காசு குடுத்தோம்?’ என்று அவருக்குத் தோன்றியது. செய்து பார்த்தபோதுதான், மகனிடம் பேசுவதற்குத் தன்னிடம் அந்த மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு எதுவுமே இல்லாமல் போயிருப்பது புரிந்தது. முதல் நாள் 10 நிமிடம் என்பது ஒரு மணி நேரம்போல இருந்தது. மூன்றாம் நாள், வீட்டுக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த பூனையைப் பற்றி அவனாகவே ஒரு வாக்கியம் பேசினான்.

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா

மூன்றாவது அமர்வில் மகன் பேச ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை… கேமராவை ஆன் செய்ய மாட்டான். ஆலோசகர் சரியென்றார். தொடக்கத்தில் அம்மாவும் கூட இருந்து சம்மதம் சொல்லி, பிறகு வெளியே போய்விட்டார். இருபது நிமிடங்கள் அவன் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பேசினான். பிறகு அதுவும் நின்றுபோனது.

காரணம், கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த நிழல். அம்மா வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவங்க கேக்கறாங்க” என்று சாட்டில் டைப் செய்துவிட்டு, அவன் காலைத் துண்டித்துவிட்டான்.

நம் வீடுகளில் ஆன்லைன் கவுன்சலிங் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான். நெட்வொர்க் கிடைத்துவிடும், தனியிடம்தான் கிடைக்காது. நேரில் போனால் ஆலோசகரின் அறைக்கு ஒரு கதவு உண்டு. அதற்கு வெளியே பெற்றோர் காத்திருப்பார்கள். வீட்டிலோ, இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு திரைச்சீலை. ‘பெத்தவளுக்குத் தெரியாம என்ன ரகசியம்?’ என்ற கேள்வி வேறு.

அந்த வாரம் ஆலோசகர் அம்மாவிடம் கோபப்படவில்லை. “பயத்துலதான் நின்னீங்க, புரியுதுங்கம்மா. ஆனா, அவன் என்கிட்ட பேசறது உங்களுக்கு எதிராப் பேசறது இல்லை. அவனுக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, கண்டிப்பா உங்ககிட்ட சொல்வேன். மத்ததை அவனே உங்ககிட்ட சொல்ற நாள் வரட்டும்னு காத்திருக்க முடியுமா?” என்று கேட்டார்.

அன்று இரவு அந்த அம்மா மகனின் அறைக் கதவைத் தட்டினார். “அன்னிக்கு ஒளிஞ்சு நின்னு கேட்டது தப்புத்தான் கண்ணு. இனிமே அப்படிச் செய்யமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பதினான்கு வருடங்களில் மகனிடம் அவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்முறை.

அடுத்த அமர்வுக்கு அவன் வந்தான். வாயால் சொல்ல முடியாததை டைப் செய்தான். வகுப்புப் பையன்கள் அவனுடைய போட்டோ ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கி, நான்கு மாதங்களாக எல்லா குரூப்பிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்நேரமும் அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்று எந்த குரூப்பில் வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக.

நேரில், ஒரு பெரியவரின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்ல அவனால் முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். முகம் காட்டாமல், எழுத்தில், தன் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்ல முடிந்ததுதான் ஆன்லைன் வழியில் கிடைத்த நன்மை.

வீட்டில் தனியிடம் எங்கே?

அமர்வுக்கு முன்பே இதைத் திட்டமிடுவது நல்லது. ஸ்பீக்கரில் பேசாமல் ஹெட்போன் போட்டாலே, எதிர்முனையில் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது. அறைக்கு வெளியே ஃபேனோ ரேடியோவோ ஓடட்டும். மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், தோழியின் வீடு எதுவானாலும் சரி. ‘இந்த நேரத்துல எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு’ என்று வீட்டில் சொல்லிவிட்டாலும் தவறில்லை. யாராவது அறைக்குள் வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்கு, ஆலோசகரோடு முன்கூட்டியே ஒரு குறிச்சொல் பேசி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே போன் என்றால், மெசேஜ் எந்த நேரத்தில் வரலாம், எந்தப் பெயரில் நம்பரைச் சேமிப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எது ரகசியம், எது ரகசியம் இல்லை?

மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை, 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய உரிமையாகவே சொல்கிறது. கணவர் கேட்டார், மாமனார் கேட்டார் என்று ஆலோசகர் எடுத்துச் சொல்லக் கூடாது.

விதிவிலக்குகளும் உண்டு. பேசுபவரின் உயிருக்கோ, அவரால் வேறொருவருக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், தேவையானவர்களிடம் தேவையான அளவுக்குச் சொல்லலாம். 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் இதையெல்லாம் முதல் அமர்விலேயே, பிள்ளைக்கும் புரிகிற மொழியில் விளக்கிவிடுவார். விளக்காவிட்டால், நாம் கேட்கலாம்.

மருத்துவர்களுக்கான தொலைமருத்துவ விதிமுறைகளின்படி, மைனர்கள் பெரியவர் ஒருவரோடு சேர்ந்துதான் ஆலோசனை பெற முடியும். அந்தப் பெரியவர் யார் என்பதை மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

திரையில் இருப்பவர் யார்?

‘டாக்டர்’, ‘சைக்காலஜிஸ்ட்’, ‘கவுன்சலர்’… மூன்றும் ஒன்றல்ல.

மனநல மருத்துவர் (சைக்யாட்ரிஸ்ட்): எம்.பி.பி.எஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதித் தரும் உரிமை இவருக்கு உண்டு. ஆன்லைனில் தரும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்கின்றன 2020 விதிமுறைகள். எல்லா மருந்துகளையும் ஆன்லைனிலேயே எழுதித் தர அனுமதியில்லை. ‘போன்லயே தூக்க மாத்திரை எழுதித் தர்றோம்’ என்று யாராவது ஆர்வமாகச் சொன்னால், உஷாராக வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்): உளவியல் படித்து, மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மருந்து எழுத மாட்டார். பேச்சு வழி சிகிச்சை, உளவியல் பரிசோதனைகள் இவருடைய வேலை.

ஆலோசகர் (கவுன்சலர்): உளவியல், சமூகப்பணி போன்றவற்றில் முதுகலை படித்த அனுபவசாலிகளும் இந்தப் பெயரில் இருக்கிறார்கள். சில நாள் சான்றிதழ் வகுப்போடு போர்டு மாட்டியவர்களும் இதே பெயரில் இருக்கிறார்கள். இந்தத் துறையினரை முறைப்படுத்த 2021-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது என்றாலும், விசாரிக்க வேண்டிய பொறுப்பு இன்னும் நம்மிடம்தான்.

என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன, இதுபோன்ற பிரச்னைகளில் எத்தனை வருட அனுபவம், எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம், கட்டணம் எவ்வளவு, கால் பாதியில் துண்டித்துப்போனால் என்ன செய்வது… இத்தனையும் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ‘மூன்றே நாளில் பிள்ளையை மாற்றிக்காட்டுகிறேன்’ என்று உத்தரவாதம் தருபவரிடமிருந்து விலகிவிடலாம். ஆலோசகரிடம் ஒட்டவில்லை என்றால், இரண்டு மூன்று அமர்வுகளுக்குப் பிறகு வேறொருவரிடம் மாறிக்கொள்வதும் இயல்பானதுதான்.

ஆப்பில் கொட்டியது எங்கே போகிறது?

2023-ல் அமெரிக்காவில் ஒரு வழக்கு. பெட்டர்ஹெல்ப் என்ற பிரபல ஆன்லைன் தெரபி நிறுவனம், ரகசியமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் வாங்கிய விவரங்களை, ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் உள்ளிட்ட நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்துகொண்டதாகக் குற்றம்சாட்டியது அந்நாட்டின் வர்த்தக ஆணையம். தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாத அந்த நிறுவனம், 78 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ஓர் ஆப்பைத் தரவிறக்கியதும் காட்டப்படும் நீளமான நிபந்தனைகளைப் படிக்காமல் ‘ஓகே’ கொடுப்பது, சமையல் ஆப்புக்குச் சரியாக இருக்கலாம். மனசைத் திறக்கிற ஆப்புக்குச் சரிவராது. அமர்வைப் பதிவு செய்வார்களா, விவரங்களை யாருடன் பகிர்வார்கள், கேட்டால் அழிப்பார்களா என்ற மூன்றையாவது பார்க்க வேண்டும். நம் நாட்டின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் விவரங்களைக் கையாள பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது.

ஏ.ஐ-யிடம் சொன்னால் போதாதா?

இரவு இரண்டு மணிக்கு ஆலோசகர் வரமாட்டார், சாட்பாட் வரும். காசும் கேட்காது. அதனால், பலர் இப்போது அதனிடம்தான் புலம்புகிறார்கள்.

1966-லேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர், ‘எலைசா’ என்ற கணினி நிரலை உருவாக்கினார். நாம் சொன்னதையே கொஞ்சம் மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது வெறும் நிரல் என்று தெரிந்திருந்தும், அவருடைய செயலாளர் அதனோடு பேசத் தொடங்கியதும், ‘நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?’ என்று அவரிடமே கேட்டாராம். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்ற தவிப்பு மனிதர்களுக்கு அந்த அளவுக்கு இருக்கிறது.

இன்றைய சாட்பாட் எலைசாவைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமாகப் பேசும். மனதில் இருப்பதை எழுதிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ள அது உதவலாம். ஆனால், அது நம் பக்கத்துக் கதையை மட்டுமே கேட்டுப் பெரும்பாலும் தலையாட்டும். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவின் நிழலை அதனிடம் சொல்லியிருந்தால், மகனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கும். அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்காது.

ஆன்லைன் போதாத இடங்கள்

சில நேரங்களில் போனை வைத்துவிட்டு, நேரில் மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

தற்கொலை எண்ணம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது, இல்லாத குரல்கள் காதில் கேட்பது, காரணமில்லாத தீவிர சந்தேகம், நாள் கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் இருப்பது, குடியை நிறுத்தியதும் வருகிற நடுக்கம், குழப்பம், வலிப்பு… இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. பிரசவமான பெண் தனக்கோ குழந்தைக்கோ கெடுதல் செய்துவிடுவோமோ என்று பயந்தாலும், குழப்பமாகப் பேசினாலும், ‘பிள்ளை பெத்த அசதி’ என்று விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

கணவர் அடிக்கும் வீட்டில், இருவரையும் ஒன்றாக உட்காரவைக்கும் தம்பதி கவுன்சலிங் சரியான முதல் படி இல்லை. திரைக்கு முன் அவர் சொல்கிற உண்மைக்கு, திரை அணைந்த பிறகு அடி விழலாம். அங்கே முதலில் தேவை, அந்தப் பெண்ணின் பாதுகாப்பு.

காசு இல்லையென்றால்?

தனியார் ஆலோசனைக் கட்டணம், ஓர் அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது. மாதத்துக்கு நான்கு முறை என்றால் பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால், இலவச வழிகளும் இருக்கின்றன.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. இன்னோர் எண் 1800-89-14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இலவசமாகவே மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

- தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104
- தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சிநேகா’: 044-24640050
- குழந்தைகளுக்கான உதவி எண்: 1098
- பெண்களுக்கான உதவி எண்: 181
- அவசர உதவிக்கு: 112

இந்த எண்களை இப்போதே போனில் சேமித்துவைத்துவிடலாம். தேவைப்படுகிற நேரத்தில், தேடுகிற நிதானம் இருக்காது.

ஆறாவது வாரம்…

அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. மகனின் மார்க் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. ஸ்டிக்கர் விஷயத்தைப் பள்ளியில் சொல்வதா, வேண்டாமா என்று அவன் இரண்டு வாரம் யோசித்தான். அவனுடைய சம்மதத்தோடு அம்மா வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். ஸ்டிக்கர் போடுவது நின்றது. அந்தப் பையன்களில் இரண்டு பேர் இன்னும் அவனோடு பேசுவதில்லை. மாமியாருக்கு, ‘போன்ல யாரோ ஒரு பொம்பளைகிட்ட வீட்டு விஷயத்தைச் சொல்றா’ என்ற வருத்தம் இருக்கிறது.

கணவர் கவுன்சலிங்குக்கு வரவில்லை. “எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டார். ஆலோசகர் அவரை வற்புறுத்தச் சொல்லவில்லை.

ஆனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே அறைப் பக்கம் திரும்பி, “தம்பி… கடைக்கு வர்றியா? ஸ்டாக் எடுக்கணும், கூட ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்” என்றார் அவர். அடித்த நாளுக்குப் பிறகு அவர் மகனிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

மகன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தான். இருவரும் வண்டியில் ஏறிப் போனார்கள்.

அன்று இரவு ஒன்பதே முக்காலுக்கு மொட்டை மாடியில், ஆலோசகர் முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். “நீங்க எப்படிங்கம்மா இருக்கீங்க?”

“நேத்து நல்லாத் தூங்கினேனுங்க மேடம்” என்றார் அந்த அம்மா.